படையில் சேர்ந்த பந்தய விமானம்

சுடர்க்கொடி கைச்சிறகுகளை மாட்டிக்கொண்டு, ஏழாம் மாடிப் பால்கனியிலிருந்து குதித்து வேலைக்குக் கிளம்பினாள். டைட்டனில் எல்லோரும் அப்படித்தான். சனியின் அந்த நிலவில் காற்று கனமானது, ஈர்ப்பு அற்பமானது. வெப்ப உடையும் சுவாச மூடியும் போட்டுக்கொண்டு கையை அடித்தால் தொந்தி வைத்தவர்கூட மேலே எழும்பிவிடுவார்.

அப்படிப்பட்ட ஊரில், பறக்கவே பறக்காத ஒரு விமானத்தைச் செய்து முடிக்க ஒரு பாதுகாப்புத் துறையே தேவைப்பட்டது.

விமானம் சுடர்க்கொடியுடையது. பெயர் சிட்டு. சக்கரத்துக்குப் பதிலாக இரண்டு மிதவைகள். மீத்தேன் கடலில் சறுக்கி ஓடி, ஒரே மூச்சில் மேலெழும். அவளே வடிவமைத்து, அவளே ஓட்டி, ஆண்டுப் பந்தயத்தில் கடலின் வடகரை ஊரைச் சேர்ந்த அந்தோணிராஜைத் தோற்கடித்திருந்தாள். அதுதான் வினையாகப் போயிற்று. தோற்ற வடகரை சும்மா இருக்குமா, படையெடுத்து வரும் என்று அவளுடைய ஊரான தென்கரையின் பெரிய மனிதர்களுக்குத் திடீர் ஞானம் பிறந்தது. உடனே சிட்டுவைப் படைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

"போர் விமானமா மாத்திக் குடும்மா," என்றார் தளபதி ஏகாம்பரம். ஈர்ப்பு அற்பமான அந்த ஊரிலும் நாற்காலியை விட்டு எழ இரண்டு பேர் கை கொடுக்க வேண்டிய வீரர் அவர்.

"ஓட்டத்துக்குச் செஞ்சதுங்க ஐயா. சண்டைக்கு ஆகாது."

"அதெல்லாம் அதிகாரிங்க பாத்துப்பாங்க."

பார்த்தார்கள். அந்தத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. எதையும் மாற்றாமல் கையெழுத்துப் போடுகிறவன் வேலை செய்யாதவன். ஆகவே ஆளுக்கு ஒன்றைச் சேர்த்தார்கள். ஒருவர் பீரங்கி என்றார், இன்னொருவர் கவசத்தகடு என்றார். சுடுவதை மேற்பார்வையிட ஓர் இருக்கை வந்தது. மேற்பார்வையாளரை மேற்பார்வையிட இன்னோர் இருக்கையும் வந்தது.

முதலில் சுடர்க்கொடிக்கு அழுகையாக வந்தது. பிறகு யோசனை வந்தது. பறக்காத விமானத்தை வைத்துக்கொண்டு இந்த மேதாவிகள் என்ன செய்வார்கள்? திருப்பித் தந்துவிடுவார்கள். எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு மறுபடி பறக்கலாம். அன்றிலிருந்து யார் எதைக் கேட்டாலும் "சரிங்க ஐயா" என்றாள். தளபதிக்குப் பொன்னாடை போர்த்த மேடை வேண்டும் என்றபோதுகூட இறக்கையின் மேலேயே கட்டிக் கொடுத்தாள்.

வெள்ளோட்டத்தன்று சிட்டு எருமை மாதிரி அலையைத் தள்ளிக்கொண்டு ஊர்ந்தது. என்ஜினை முழு மூச்சில் முடுக்கியும் மிதவையின் மூக்குகூட உயரவில்லை. சுடர்க்கொடி சிரிப்பை அடக்கிக்கொண்டு கரைக்கு வந்து, முகத்தைத் தொங்கப் போட்டபடி நின்றாள்.

"பறக்கலைங்க ஐயா."

"ஒரு ஆட்டம் உண்டா, குலுக்கல் உண்டா!" தளபதிக்குப் பெருமை பிடிபடவில்லை. "பறந்தாத்தானேம்மா விழும்? இதை எவனால சுட்டு வீழ்த்த முடியும்?"

கூட்டம் கைதட்டியது. இதே மாதிரி நூறு செய்ய உத்தரவானது. சிட்டுவை ஊர் நடுவே ஒரு பீடத்தில் ஏற்றி, மிதவைகளைச் சுற்றிக் காங்கிரீட் ஊற்றி நிறுத்தினார்கள். அந்த ஈரம் காய்வதைப் பார்த்துக்கொண்டு சுடர்க்கொடி நின்றாள்.

சில வாரம் கழித்து அந்தோணிராஜ் வானொலியில் கூப்பிட்டான்.

"அக்கா, உன் விமானத்தோட படத்தைப் பாத்து எங்காளுங்களுக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. என்னுதுலயும் பீரங்கி ஏத்திட்டாங்க. பறக்காட்டித் திருப்பிக் குடுத்துடுவாங்கன்னு எல்லாத்துக்கும் தலையாட்டித் தொலைச்சேன்." அவன் மூக்கை உறிஞ்சினான். "உன்னுதாவது ஊர்ந்துச்சு. இது கரையை விட்டே நகரலை. அதுக்குப் பதக்கம் வேற குடுத்திருக்காங்க."

டைட்டனில் இருந்த இரண்டே இரண்டு நல்ல விமானங்களும் இப்படித்தான் ஒழிந்தன.

மறு வாரம் தென்கரையில் அபாயச் சங்கு ஊதியது. வடகரை விமானம் வருகிறதாம். யாரோ கிளப்பிவிட்ட புரளி. குழந்தை குட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஊரே பதுங்குகுழிகளுக்கு ஓடியது. அந்த விமானம் கரையை விட்டு நகராது என்பது தென்கரையில் ஒருத்திக்கு மட்டும் நன்றாகத் தெரியும். அதை ஓட்டுகிறவனே அவளிடம் சொல்லி அழுதிருந்தான்.

அந்த அவள்தான் சங்கு கேட்டதும் முதல் ஆளாக உள்ளே ஓடிப்போய், சுவரோரம் நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வந்து விழுந்த தளபதி மூச்சிரைக்கக் கேட்டார்.

"ஏம்மா, அவங்க விமானம் உண்மையிலேயே பறக்குமா?"

"மொதல்ல கதவைச் சாத்துங்க ஐயா," என்றாள் சுடர்க்கொடி.