ஏழு மணி ஜெபம்

மூன்றாவது தடவையும் நாற்காலி கேமராவைப் பார்த்துத் திரும்பி நின்றது.

காலையில் வந்ததும் கிரேசி அதைச் சுவரோரம் தள்ளிவைத்தாள். மத்தியானம் இன்னொரு தடவை. இப்போது தரை துடைத்த வாளியைக் கவிழ்த்துவிட்டு வந்து பார்த்தால், ஹாலின் நடுவில், பழைய இடத்தில். எறும்பு மருந்தின் நெடி. அதற்கும் அடியில், அம்மை முழங்காலுக்குத் தேய்க்கும் தைலத்தின் வாசனை. வெளியே மழை விட்டும் ரப்பர் மரங்கள் சொட்டிக்கொண்டே இருந்தன.

வீடு என்னவோ அரண்மனைதான். பத்மநாபபுரத்தில் இல்லாத லிஃப்ட் இதில் உண்டு. வாசலில் நாலு ரோமாபுரித் தூண். தோஹாவில் அண்ணன் ஸ்டெனி போனைத் தட்டினால் அருமனையில் இந்த வீட்டின் திரைச்சீலை விலகும். வீட்டுப் பிரதிஷ்டைக் கல்லில் ஜெபித்தவர், திறந்தவர், கான்ட்ராக்டர் என்று எல்லார் பேரும் பொன்னெழுத்தில். உள்ளே தனியாகக் கிடக்கப்போகிற அம்மை நேசபாயின் பேருக்குத்தான் இடம் காணவில்லை.

தனியாக என்று சொன்னால் ஸ்டெனிக்குப் பொறுக்காது. தினமும் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம் உண்டே. அம்மை அந்த நாற்காலியில் கேமராவைப் பார்த்து இருப்பாள். அவன் தோஹாவிலிருந்து, கிரேசி பெங்களூரிலிருந்து, கேமராவின் ஸ்பீக்கர் வழியே உருகி உருகி ஜெபிப்பார்கள். முடிவில் அம்மை ஆமென் சொல்வாள்.

ஒரு திங்கள்கிழமை சொல்லவில்லை. அசந்துட்டாவ, என்றான் ஸ்டெனி. செவ்வாயும் சொல்லவில்லை. அன்றைக்கு அம்மையின் சுகத்துக்காக நீளமாக ஸ்தோத்திரம் சொன்னது கிரேசி. குடும்பக் குரூப்பில் படம் போட்டு, ‘அம்மா நல்ல சமாதானமா இருக்காவ’ என்று எழுதியதும் அவள்தான். பதினேழு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். புதன்கிழமை தேங்காய் பறிக்க வந்த சுடலையாண்டிதான், ஜன்னல் வழியாக, நாற்காலிமேல் ஏறும் எறும்பு வரிசையைப் பார்த்தது.

வீடு வாங்க வருகிறவர்களிடம் சொல்லியிருப்பது, ஆஸ்பத்திரியில் மரணம் என்று.

“ஏட்டி,” என்றது கேமரா, ஸ்டெனியின் குரலில். “அவிய தக்கலை தாண்டியாச்சாம். நாற்காலிய ஏன் நடுவுல போட்டிருக்க?”

“நீ வந்து எடுத்துப் போடு. திரைச்சீலையத் தெறக்கத் தெரியுதுல்லா?”

“தொடங்கிட்டியா. இன்னைக்கு முடிஞ்சா நம்ம ரெண்டு பேரும் இந்தப் பக்கமே வரண்டாம்.”

“நீ எப்ப வந்த? அடக்கத்துக்கே ரெண்டு நாளு.”

“நீயும் பாத்துட்டுத்தான இருந்த,” என்றான்.

கிரேசிக்கு உச்சி எரிந்தது. நாற்காலியைப் பிடித்து இழுத்தாள். நகரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். தரையில் முளைத்த மாதிரி நின்றது.

“இந்தா, இருக்கேன். ஆசை தீரப் பாத்துக்க,” என்று ஆங்காரத்தோடு அதில் உட்கார்ந்தாள்.

மெத்தை சூடாக இருந்தது. இப்போதுதான் யாரோ எழுந்து போன சூடு.

எழுந்திருக்கப் பார்த்தாள். கால் வரவில்லை. கை வரவில்லை. அண்ணா என்று கூப்பிடப் பார்த்தாள். நாக்கு அசையவில்லை.

தூரத்தில் கோயில் மணி. ஏழு.

கேமராவின் பச்சை வெளிச்சம் துடித்தது. கரகரவென்று ஒரு சத்தம். பிறகு குரல். ஸ்டெனி இல்லை.

“கண்ண மூடு மக்கா. ஜெபிக்கலாம்.”

மூட முடியவில்லை.

“எனக்க மவ நல்ல சமாதானமா இருக்கா. ஸ்தோத்திரம். அவளுக்கு ஒரு கொறவும் இல்ல. ஸ்தோத்திரம்.”

அவசரமே இல்லாத குரல். தைல வாசனை தொண்டைவரை இறங்கியது. மடியில் போன் ஒளிர்ந்தது. ஸ்டெனி எழுதியிருந்தான்: ‘அப்படியே சாந்தமா இரு. வந்திட்டாவ.’ பக்கத்தில் ஒரு கட்டைவிரல்.

வாசலில் கார் நின்றது. திரைச்சீலை தானாக விலகியது. கண்ணாடிக்கு அப்பால் ஒரு பெண்ணின் குரல்: “ஹால் நல்ல பெருசு. ஒரு அம்மா இருக்காவ, பாருங்க.”

பாதத்தில் முதல் எறும்பு. கணுக்கால். முழங்கால். கழுத்து.

“ஆமென் சொல்லு மக்கா,” என்றது கேமரா.

கன்னத்தில் ஏறிய எறும்பு, ஈரம் தேடி, திறந்த கண்ணின்மேல் நடந்தது. இமை அசையவில்லை.