உளறலுக்கு முழு மார்க்

காலையில் கண் விழித்தபோது அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை. கல்யாண வீட்டில் விடிய விடிய அரட்டையடித்தவளுக்குக் கட்டுமே, அந்த மாதிரிக் கட்டு. தாடை வலித்தது, நாக்கு களைத்துக் கிடந்தது. தலைமாட்டில் இருந்த செல்போனோ, 'அடடா, என்ன தூக்கம்! அடித்துப் போட்ட மாதிரி!' என்று அவளைக் கொண்டாடிக்கொண்டிருந்தது. திரையில் ஒரு குண்டுக் கரடி சோம்பல் முறித்து எழுந்து, குகைக்குள்ளிருந்து தேன் பானைகளை ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு வந்து அடுக்கியது. நூற்றுக்கு நூறு.

"எழுந்திரும்மா, டீ ஆறுது" என்று அவள் நெற்றியில் கை வைத்திருந்த கணவன், அவள் கண்ணைத் திறந்ததும் கையை எடுத்துக்கொண்டான். எடுத்த வேகம் என்னவோ போலிருந்தது. தெரியாமல் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிவிட்டவன் சட்டென்று கையை இழுத்துக்கொள்வானே, அப்படி.

அந்த விளையாட்டுக்குத் 'தூங்குமூஞ்சி' என்று பெயர். போனைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் படுத்தால் போதும். நாம் மூச்சு விடுவதையும் புரள்வதையும் கேட்டுக்கொண்டே கரடியும் குகைக்குள் தூங்கும். ஆழ்ந்து தூங்கினால் தேன் சேரும். நடுவில் எழுந்து போனை நோண்டினால் தேனீ கொட்டும். தூங்கியதற்கெல்லாம் பரிசா என்று சிரிக்கலாம். ஊரே அதற்குத்தான் பைத்தியமாய்க் கிடந்தது. அதைச் செய்த கம்பெனியில்தான் அவளுக்கு வேலை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, யார் யாரோ தூங்கும் சத்தத்தைத் துண்டு துண்டாக நாள் முழுக்கக் கேட்டு, குறட்டை, இருமல், புரளல், உளறல் என்று பட்டனைத் தட்ட வேண்டும். அவள் தட்டத் தட்ட விளையாட்டு கற்றுக்கொள்ளும்.

ஆரம்பத்தில் அதில் ஒரு குழப்பம் வந்தது. சில பேருக்கு மூச்சு ஆழ்ந்த தூக்கத்தின் மூச்சாகவே இருக்கும். ஆனால் நடுநடுவே வாய் பேசும். குழறாமல், தெளிவாக, யாரோ கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி பேசும். "இதைத் தூக்கத்துல சேக்கிறதா, முழிப்புல சேக்கிறதா?" என்று டீம் லீடர் மண்டையைச் சொறிந்தார். அவள்தான் வழி சொன்னாள். "உடம்பு தூங்குதுல்ல சார்? அப்போ அது உளறல்தான். மார்க்கைக் குறைச்சா விளையாடுறவங்க கோவிச்சுக்குவாங்க. முழு மார்க் போட்டுடுங்க." போட்டார்கள். அவளுக்குக் கைதட்டல்கூடக் கிடைத்தது.

பகலெல்லாம் ஊரார் மூச்சைக் கேட்டவளுக்கு, வீட்டுக்கு வந்தால் ஒரு குரல் ஆகாது. கணவன் ஏசி மெக்கானிக். எல்லார் வீட்டையும் குளிர வைத்துவிட்டு வந்து, இன்றைக்கு எந்த மாடியில் ஏறினேன், எந்த வீட்டு நாய் துரத்தியது என்று சொல்ல வாயெடுப்பான். "பேசாதீங்களேன், காது வலிக்குது" என்பாள். முதலில் அவன் முகம் சுண்டிப்போகும். போகப் போக அவனே விட்டுவிட்டான். சண்டையே இல்லாத வீடு என்று அக்கம்பக்கத்தில் நல்ல பெயர். அலாரச் சத்தமும் அவளுக்கு ஆகாது; அதனால் காலையில் எழுப்புவது அவன் பொறுப்பு. அந்தக் கை நெற்றியில் படாவிட்டால் சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்க மாட்டாள், அப்பேர்ப்பட்ட கும்பகர்ணி.

அன்று மத்தியானம், சாப்பிட்ட மயக்கத்தில் ஆபீஸே கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அவள் ஹெட்போனில் புதுத் துண்டு ஒன்று ஓடத் தொடங்கியது. முதலில் ஒரு ஃபிரிட்ஜின் முனகல். உர்ர்ர் என்று இழுத்தது, விக்கியது, நின்றது, மறுபடி உர்ர்ர். அவளுக்குக் கை நின்றுவிட்டது. ஊர் ஏசியெல்லாம் அவன் தொட்டால் ஓடும். சொந்த வீட்டு ஃபிரிட்ஜ் மட்டும் பிள்ளைத்தாச்சிப் பூனை மாதிரி இப்படித்தான் முனகும். வேறெந்த ஃபிரிட்ஜுக்கும் அந்த விக்கல் வராது. வீட்டில் விளையாடுகிற ஊழியர்கள் தனிக் கணக்கில் சேர வேண்டும், அவர்கள் வீட்டுச் சத்தம் ஆபீஸுக்கு வராது என்பது கம்பெனி விதி. ஊழியர் கணக்குக்குத் தேன் பானை கிடையாது. அதனால் அவள் சாதாரண ஆளாகச் சேர்ந்திருந்தாள். ஒரு கரடியின் தேனுக்குப் போய் ஆசைப்பட்டாளே, பாவி!

முனகலுக்கு நடுவே அவள் கணவனின் குரல் கேட்டது. ரகசியமாக. "போயிட்டாளா?"

"ம். நல்லா இறங்கிட்டா" என்றது இன்னொரு குரல்.

அது அவளுடைய குரல். சந்தேகமே இல்லை. ஆனால் அவசரமில்லாத குரல். அப்படி ஒரு நிதானத்தோடு அவள் யாரிடமும் பேசியது கிடையாது. "சொல்லுங்க, இன்னிக்கு எந்த மாடி?" என்று கேட்டது அது. அவன் சொன்னான். மொட்டை மாடி, வெயில், குழாயில் கூடு கட்டியிருந்த புறா, ஒன்றுவிடாமல் சொன்னான். அது சிரித்தது. அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவள் வீட்டில் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"நேத்து உங்க போன்ல பேசினப்போ என் தங்கச்சி அழுதுட்டா, பாவம். வைக்கவே மனசு வரல" என்றது அது.

"விடிஞ்சா நீ போயிடுவ" என்றான் அவன்.

"நீங்க எழுப்புறீங்க, அவ வர்றா. எழுப்பாதீங்க. அவ்வளவுதான்."

ஃபிரிட்ஜ் விக்கி நின்றது. அந்த அமைதிக்குள் அவன் 'முடியாது' என்று சொல்லிவிடுவான் என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். துண்டு முடிந்துவிட்டது. பழகிய விரல், அவளைக் கேட்காமலே, 'உளறல்' பட்டனைத் தட்டியது.

டீம் லீடர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். "என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்றவர், திரையை எட்டிப் பார்த்துச் சிரித்தார். "ஓ, இந்த மாதிரியா? இப்போ நிறைய வீட்டுல இப்படித்தான் வருது. விடிய விடிய பேசிக்கிறாங்க. நீங்க சொன்ன மாதிரியே முழு மார்க் போட்டுட்டு இருக்கோம்."

மாடிப்படியில் உட்கார்ந்து தங்கைக்குப் போன் செய்தாள். அப்பா படுக்கையில் கிடந்த காலத்தில் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்காதவள் அந்தத் தங்கை. பீ மூத்திரம் அள்ளியது இவள். கடைசியில் வாசல் வரை வந்து அழுத தங்கையிடம், 'செத்தாலும் உன் முகத்தில் முழிக்க மாட்டேன்' என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தியவளும் இவள்தான். அதற்கப்புறம் பேச்சுவார்த்தை இல்லை.

"என்னக்கா, பகல்லயே கூப்பிடுற!" என்றாள் தங்கை, எடுத்த எடுப்பில், கொஞ்சலாக.

அவள் போனைக் காதிலிருந்து எடுத்து, எண் சரிதானா என்று பார்த்தாள்.

"நீ மன்னிச்சுட்டேன்னு சொன்னதுல இருந்து எனக்கு எவ்ளோ லேசா இருக்கு தெரியுமா? நேத்துதான் நிம்மதியா தூங்கினேன்."

"நான் மன்னிக்கல."

"அக்கா?"

"நான் உன்னை மன்னிக்கவே இல்லடி!"

தங்கை, காய்ச்சல்காரியைத் தேற்றுகிற மாதிரி மெதுவாகச் சொன்னாள். "உன் குரலே சரியில்ல. போய்த் தூங்கு. ஞாயித்துக்கிழமை வரேன்ல, நீதானே வரச் சொன்ன? அப்போ பேசிக்கலாம்."

வீட்டுக்கு வந்தபோது கணவன் தரையில் உட்கார்ந்து கருவிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எத்தனை நாளா?"

எதைக் கேட்கிறாள் என்று அவன் கேட்கவில்லை. துணியை மடித்து வைத்தான். "முதல்ல பயந்துதான் போனேன். உன்னை உலுக்கி எழுப்பக்கூடப் பாத்தேன். அப்புறம்... நாய் துரத்தினதைச் சொன்னேன்மா. அவ கேட்டா."

"அது நான் இல்ல!"

"தெரியும்" என்றான்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நீதான் என்று நினைத்து ஏமாந்தேன் என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். தெரியுமாம்! நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறாள். அதைச் செய்கிறவனுக்கு இவ்வளவு சாதுவான முகம் இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. கையில் அகப்பட்டதையெல்லாம் எறிந்தாள். வாய்க்கு வந்தபடி ஏசினாள். அவன் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டான். ஏசி முடித்து மூச்சு வாங்கியபோதுதான் கவனித்தாள்: அவன் கண் சுவரிலிருந்த கடிகாரத்தின் மேல் இருந்தது. அவள் தூங்கும் நேரத்துக்குக் காத்திருக்கிறான்.

விளையாட்டை அழித்தாள். கரடி இரண்டு கையாலும் கண்ணைக் கசக்கி அழுதது. போனை அணைத்துச் சமையலறை டப்பா ஒன்றில் போட்டு மூடினாள். மூடிவிட்டால் ஆயிற்றா? எங்கே ஓடுவது? தங்கை வீட்டுக்கா? எந்த ஊருக்கு ஓடினாலும் தூக்கம் கூடவே வருமே.

அன்றிரவு தூங்கவில்லை. அடுத்த இரவும் தூங்கவில்லை. வெறுந்தரையில் நின்றாள், முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டாள், கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தாள். வீட்டின் சத்தங்களெல்லாம் ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்தன. குழாய்க்குள் காற்று நகர்வது, மரக் கட்டில் சோம்பலாகக் கிறீச்சிடுவது, மேல் வீட்டில் யாரோ வெறுங்காலோடு போய் வருவது, எல்லாவற்றுக்கும் அடியில் ஃபிரிட்ஜின் அந்த முனகல். சனிக்கிழமை இரவு, சுவரில் சாய்ந்து நின்றபடி கண்ணை ஒரு கணம் மூடித் திறந்தாள். தன் வாய் திறந்திருந்தது. நாக்கு நகர்ந்துகொண்டிருந்தது. எதிரே கணவன் நாற்காலியில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்து, பாதியில் நின்ற பேச்சைக் கேட்கிறவனாக அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன சொன்னா?"

"ஒண்ணுமில்ல."

"என்ன சொன்னா, சொல்லுங்க!"

"தூங்கலன்னா நீ செத்துப்போவியாம். உன்மேல அக்கறையாத்தான் சொன்னா."

கால் மடங்கியது. அவன்தான் ஓடிவந்து தாங்கினான். கட்டிலுக்கு அழைத்துப் போய், படுக்க வைத்து, போர்த்தியும் விட்டான். எத்தனை வருஷத்துக் கை அது! அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மானம் ரோஷம் எல்லாம் போயிருந்தது.

"இனிமே நீங்க சொல்றதெல்லாம் கேக்கிறேன். நாய், மாடி, புறா, எல்லாம் கேக்கிறேன். காலைல எழுப்பிடுவீங்கல்ல?"

"எழுப்புறேன்."

"சத்தியமா?"

"சத்தியமாம்மா."

அவன் கண் கலங்கியிருந்தது. ஊருக்குப் போகிறவர்களை வழியனுப்பும்போது கலங்குமே, அந்தக் கலக்கம். அதைப் புரிந்துகொண்டு எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தாள். நினைப்புக்கும் உடம்புக்கும் நடுவே யாரோ கதவைச் சாத்தினார்கள்.

இருட்டு.

நெடுநேரம் இருட்டு.

பிறகு சிரிப்புச் சத்தம். கோப்பைகள் உரசும் சத்தம். வெயில்.

அவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் கை கெட்டிலைச் சாய்த்து டீ ஊற்றிக்கொண்டிருந்தது. அவள் ஊற்றவில்லை. எதிரே தங்கை, அழுது சிவந்த மூக்கோடு சிரித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை. விடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. யாரும் அவளை எழுப்பவில்லை.

"அப்பா இருந்திருந்தா உன்னை ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்டி" என்று அவள் வாய் சொன்னது.

கத்தினாள். தொண்டை அசையவில்லை. மறுபடி கத்தினாள். கை ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் டீயை ஊற்றி முடித்தது. விரல் இல்லை. நாக்கு இல்லை. கண் மட்டும் இருந்தது. கண் மட்டும் அவளுடையதாக இருந்தது. அதை நகர்த்தினாள். மலையை நகர்த்துகிற பாடாக இருந்தது. தங்கையின் கம்மல். மேசை விளிம்பு. சட்டைப் பொத்தான். கணவனின் முகம்.

பாருங்க. நான்தான். இங்கதான் இருக்கேன்.

அவன் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது. முகம் வெளுத்தது. அடையாளம் தெரிந்துவிட்டது. தாலி கட்டிய நாளிலிருந்து பார்த்த கண் அல்லவா, தெரியாமல் போகுமா?

எழுப்புங்க.

அவன் கை மேசையிலிருந்து எழுந்தது. அவள் முகத்தை நோக்கி வந்தது. வந்துவிட்டது. அப்பாடா. உள்ளங்கையின் அதே சூடு, அதே காய்ப்பு, நெற்றியில் படிந்தது. அவள் உள்ளே அழுதாள்.

கை அங்கே நிற்கவில்லை. கீழே இறங்கியது. இரண்டு விரல்கள் அவள் இமைகளை நீவி, மெதுவாக, மூடின.

"என்ன மாமா, அக்காவுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. வெயில்ல கண் கூசுதாம்."

திறக்கப் பார்த்தாள். இமைக்குள்ளே கண் உருண்டது, முட்டியது, தவித்தது. விரல் நுனிகளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அவை இன்னும் கொஞ்சம் அழுத்தின.

அவள் வாய், அவன் காதுக்கு மட்டும் எட்டும்படி, "அப்படியே பிடிச்சுக்கோங்க" என்றது.

அவன் பிடித்துக்கொண்டான்.