யாரும் கேட்காத நன்றியுரை

ஆங்கிலத் துறை நூலகத்துக்குள் துப்புரவு அக்கா நுழைந்தபோது மணி மூன்றே முக்கால். கையில் துடைப்பம் அப்படியே இருந்தது. அழுவார் என்று பார்த்தால் அழவில்லை; கொதித்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்குக் கவிதை வாசிக்க வந்திருக்கிற கவிஞரம்மாவோட நோட்டை நான் குப்பையில போட்டுட்டேனாம் சார். நாளையிலிருந்து வர வேண்டாம்னுட்டார் துறைத் தலைவர். பதினோரு வருஷமா பெருக்கறேன். ஒரு துண்டுச் சீட்டைக்கூடக் கேட்காம எடுத்துப் போட்டதில்லை."

தலைவர் கத்தியபோது பத்துப் பேராவது வராந்தாவில் நின்றிருந்தார்களாம். ஒருவரும் வாய் திறக்கவில்லையாம். கவிதை கேட்க வந்த கூட்டம்!

நூலகர் முத்திரை குத்துவதை நிறுத்தினார். எதிரே இருந்த ஆய்வு மாணவியோ எழுந்தேவிட்டாள். எதற்கெடுத்தாலும் சுள்ளென்று பேசுவதால் துறையில் அவளுக்கு மிளகாய் என்று பெயர்.

"விசாரிக்காம வீட்டுக்கு அனுப்பறதா? இந்த மனுஷனுக்கு எல்லாரும் வேலைக்காரங்கதான் சார். தட்டச்சரம்மா பன்னிரண்டு மணிக்கே லீவுல போயிட்டாங்கன்னு, ரெண்டு மணிக்கு என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதத்தை அடின்னார். தனக்கு ஓர் எழுத்துகூட அடிக்கத் தெரியாதாம். முடியாதுன்னுட்டேன்."

"உட்காரும்மா," என்றார் நூலகர். "அக்கா, நோட்டைக் கடைசியா எப்போ பார்த்தீங்க?"

"மூணு மணிக்கு. விருந்தினர் அறை மேசை மேல இருந்துச்சு. சிவப்பு அட்டை. அந்தம்மா அரங்கத்தைப் பார்க்கப் போயிருந்தாங்க. காலையிலேயே பெருக்கின அறைதான் சார். மறுபடி பெருக்கு, கதவைச் சும்மா சாத்திட்டு வான்னு தலைவர்தான் அனுப்பினார். மூன்றரைக்கு அந்தம்மா திரும்பி வந்து பார்த்தா நோட்டு இல்லை."

"மூன்றரை வரைக்கும் அது தொலைஞ்சது யாருக்கும் தெரியாது?"

"யாருக்கும் தெரியாது."

நூலகர் தலையை ஆட்டிவிட்டு மேல்துண்டு மடிப்பது மாதிரி நிதானமாக நாளிதழை மடித்து வைத்தார். மிளகாய்க்கு அந்த நிதானமே எரிச்சலாக இருந்தது.

நான்கு மணிக்கு அரங்கம் நிரம்பியது. நரைத்த முடியோடு மேடையில் நின்ற கவிஞர் இதே துறையில் படித்தவர். "இங்கே படிச்சப்போ நடந்த ஒண்ணைப் பற்றிப் புதுசா எழுதியிருந்தேன். அதைத்தான் வாசிக்கப்போறேன்னு காலையில தேநீர் குடிக்கும்போது உங்க தலைவர்கிட்டகூடச் சொன்னேன். அது போச்சு. மனப்பாடமா இருக்கிற பழசைச் சொல்றேன்." அவர் குரலில் கோபம் அடங்கவேயில்லை.

கடைசியில் தலைவர் எழுந்தார். வணக்கம் என்பதைக்கூடத் தாளைப் பார்த்துத்தான் சொல்வார் அவர். நன்றியுரை என்றதும் நாற்காலிகள் நகர்ந்தன. பாதிக் கூட்டம் தேநீர் மேசைக்குப் போய்விட்டது. தட்டச்சு செய்த தாளை விரித்து அவர் படித்தார்: "குறிப்பேடு தொலைந்தபோதும் கலங்காமல், நினைவிலிருந்தே பழைய கவிதைகளைச் சொல்லி நம்மை மகிழ்வித்த கவிஞருக்கு..."

மிளகாய் பல்லைக் கடித்தாள். நூலகர் மட்டும் கடைசி வரி வரை கேட்டார்.

தேநீர் மேசையருகே தலைவரிடம் அவர் கையை நீட்டினார். "அந்தத் தாளைக் கொஞ்சம் கொடுங்க சார். இதை யார் அடிச்சது?"

"ஏன்? தட்டச்சர்தான்."

"அவங்க பன்னிரண்டுக்கே வீட்டுக்குப் போயிட்டாங்க. நோட்டு தொலைஞ்சது மூன்றரைக்குத்தான் தெரிஞ்சது. தொலையப்போற நோட்டைப் பற்றிக் காலையிலேயே எப்படிச் சொல்லி அடிக்க வெச்சீங்க?"

தலைவரின் முகம் வெளுத்தது. "இல்ல... அப்புறமா நானே..."

"ஓர் எழுத்து அடிக்கத் தெரியாதுன்னு ரெண்டு மணிக்கு என்கிட்ட நின்னீங்களே!" என்று வெடித்தாள் மிளகாய்.

நூலகர் குரலை உயர்த்தவில்லை. "தாள் இல்லாம நன்றி சொல்ல உங்களுக்கு வராது. அதனால எடுக்கிறதுக்கு முன்னாடியே நன்றியைத் தயார் பண்ணிட்டீங்க. நன்றியுரையை யார் கேட்கப்போறாங்கன்னு தைரியம். பழி விழ ஓர் ஆள் வேணும். பெருக்கின அறைக்கே அக்காவை மறுபடி அனுப்பினீங்க."

கவிஞர் நெருங்கி வந்தார். "என் கட்டுரையைத் தன் பேர்ல அச்சடிச்சுக்கிட்ட ஆசிரியரைப் பற்றிய கவிதை அது. உங்க பேரைக்கூட நான் எழுதலையே! உங்க மேசைச் சாவியைக் கொடுங்க."

தாளைக் கிழிக்க மனம் வராத மனிதர் அவர். அவர் அறை மேசையின் பூட்டிய இழுப்பறையில் சிவப்பு நோட்டு பத்திரமாக இருந்தது. மிளகாய் அதைக் கொண்டுவந்து கவிஞர் கையில் கொடுத்தாள். பிறகு, கதவோரம் நின்ற அக்காவைக் கைபிடித்து நடுவில் அழைத்துவந்தாள்.

"இவங்ககிட்ட மன்னிப்புக் கேளுங்க."

தலைவர் சட்டைப்பையில் பேனாவைத் தேடினார். "நான்... எழுதிக் கொடுத்துடறேன்."

"எழுதிக் கொடுத்தா நாளைக்கு அதையும் நான்தான் பெருக்கணும்," என்றார் அக்கா. "வாயால சொல்லுங்க."

தலைவர் வாயைத் திறந்தார். ஒரு சொல்லும் வரவில்லை. இந்த முறை ஒருவரும் தேநீர் எடுக்கப் போகவில்லை. கேட்பதற்காக எல்லோரும் நின்றிருந்தார்கள்.