ஓரத்துப் புள்ளி

அச்சகத்திலிருந்து ப்ரூஃப் கட்டு வந்து சேர்ந்தபோது பகல் பதினொரு மணி. பேய் வருகிற நேரமே இல்லை. எழுத்தாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எழுதும் அறையில் உட்கார்ந்தார். தெருவில் அவருக்குச் 'சரித்திரம்' என்று பெயர். இருபத்திரண்டு நாவல்களில் ராஜாக்களைக் கூசாமல் கொன்றவர். இது அவருடைய முதல் சிறுகதைத் தொகுதி. பாதி சரித்திரம், பாதி ஆவி. ஆவியில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. விற்கும் என்பதில் உண்டு.

இத்தனை காலம் அவருக்கு ப்ரூஃப் பார்த்தவள் மனைவி. ஆவணக் காப்பகத்தில் முப்பது வருடம் பழைய பதிவேடுகளைப் படியெடுத்தவள். அங்கே ஒரு வழக்கம். மூலத்தோடு ஒத்துப்போகாத வரி கண்ணில் பட்டால், ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். அடிக்கக் கூடாது, திருத்தக் கூடாது. வீட்டிலும் அப்படித்தான். நடக்காததை நடந்ததாக அவர் எழுதிய இடத்தில் புள்ளி வைத்துவிட்டு, வாயைத் திறக்காமல் எழுந்து போய்விடுவாள். அவரும் வாயைத் திறக்காமல் ரப்பரால் அழித்துவிடுவார். குடித்தனம் அப்படியே ஓடிவிட்டது.

அவள் போய் ஏழு மாதம்.

முன்னுரையில் ஒரு வரி எழுதியிருந்தார்: 'கடைசி நாளில் அவள் கட்டிலை விட்டு நான் நகரவே இல்லை.' அந்தக் கடைசி நாளில் வெளியூரில் மாட்டிக்கொண்டு வர முடியாமல் போன மகளுக்கு அதைப் போனில் வாசித்துக் காட்டியபோது அவள் அழுதாள். "நீங்களாவது பக்கத்துல இருந்தீங்களேப்பா. எனக்கு அது போதும்." அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் அவர் நிம்மதியாக இருந்தார்.

அந்த வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி இருந்தது.

அச்சகத்து அழுக்கு என்று ரப்பரால் தேய்த்தார். போய்விட்டது. தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தார்.

இருந்தது.

உள்ளறையிலிருந்து மருந்து வாடை வந்தது. அந்த அறையைக் கழுவி, கட்டிலையும் யாருக்கோ கொடுத்தாயிற்று. ஆனாலும் இரும்புக் கட்டிலை டம்ளரால் தட்டும் சத்தம் கேட்டது.

டக். டக்.

குரல் போன பிறகு அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

வரியை அடித்துவிட்டு எழுதினார்: 'அடுத்த அறையில் இருந்தேன். கூப்பிட்டது காதில் விழவில்லை.'

மை காய்வதற்குள் அதற்கும் புள்ளி விழுந்தது.

'காதில் விழுந்தது' என்று மாற்றினார். புள்ளி இல்லை. 'எழுந்து போய் என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன்.'

புள்ளி இல்லை. தட்டலும் நின்றது.

"நாவல்ல ராணி செத்துக்கிட்டிருந்தாடி" என்று முணுமுணுத்தார். "பாதியில எப்படி எழுந்து வர்றது?"

சொன்ன பிறகு அவருக்கே அருவருப்பாக இருந்தது. அழுதார். அப்புறம் மகளை நினைத்துக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு பழைய வரியையே திரும்ப எழுதி அச்சகத்துக்கு அனுப்பிவிட்டார், பாவி மனுஷன்.

புத்தகம் வந்த அன்று மகளும் வந்திருந்தாள். எழுதும் அறையில் கட்டைப் பிரித்து, ஆசையாக முன்னுரையைப் புரட்டினாள். விரல் ஓரத்தில் நின்றது. இன்னொரு பிரதியை எடுத்தாள். இன்னொன்றை எடுத்தாள். தொட்ட விரலில் பென்சில் கரி ஒட்டியது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ப்ரூஃப் பார்த்து வளர்ந்தவள் அவள்.

"அப்பா, அம்மா புள்ளி வச்சிருக்காங்க."

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"அன்னிக்கு நீங்க எங்கப்பா இருந்தீங்க?"

அறைக் கதவு, யாரும் தொடாமல், மெதுவாகச் சாத்திக்கொண்டது.

டக். டக்.

"இதோ வரேம்மா!" மகள் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். அவர் நாற்காலியை விட்டு எழவில்லை.

உள்ளறையில் யாரும் இல்லை. கட்டில் கிடந்த இடத்தில் காலி டம்ளர் ஒன்று உருண்டுகொண்டிருந்தது.