பதினெட்டாவது முகம்

"ஆ...!"

ஸ்கேன் மெஷினுக்குள் படுத்திருந்த மேனுகா அலறினாள்!

டக்... டக்... சத்தம் நின்றது. படுக்கை வெளியே வழுக்கி வந்தது.

"பயப்பிடாதேங்கோ, நான் நிக்கிறன்." டாக்டர் ஹாலிதா அவள் நெற்றியைத் தொட்டார். "உள்ளுக்க காட்டின படங்களில பதினேழு முகத்துக்கு ஒண்டுமில்லை. பதினெட்டாவதுக்கு மூளையில பயம் பிடிக்கிற இடம் பத்தி எரியுது! கஜேந்தினி, இவாவை உடுப்பு மாத்திற அறைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. நான் படங்களை ஒருக்காப் பார்க்கிறன்."

அதிர்ச்சியில் உடைந்தவர்களின் மூளையை வவுனியாவில் வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார் ஹாலிதா. கஜேந்தினி அவரது உதவியாளர்.

மூன்று மாதத்துக்கு முன்னர், கனகராயன்குளத்தில், பட்டப்பகலில், மேனுகா கணவனோடு போன மோட்டார் சைக்கிளை ஒரு வான் வண்டி இடித்துத் தள்ளியது. கணவன் சிவகரன் அந்த இடத்திலேயே முடிந்துபோனான். வான்காரன் இறங்கி வந்தான், குனிந்து அவளைப் பார்த்தான், ஓடிவிட்டான்.

அவன் முகம்...?

நினைவில் அந்த இடம் வெறும் வெள்ளை!

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே துணை கஜேந்தினிதான். வார்டில் தானாக வந்து கட்டிலருகே இருந்தவள். சூப் பருக்கியவள். தலை வாரிவிட்டவள். இந்த ஆய்வுக்குக் கூட்டி வந்தவளும் அவளே.

அறைக்குள் வந்ததும் கஜேந்தினி திரைச்சீலையை இழுத்து மூடினாள்.

"அக்கா... அவனை அடையாளம் கண்டிட்டியள், என்ன?"

மேனுகா திரும்பிப் பார்த்தாள்.

"சொல்லிப்போடாதேங்கோ அக்கா! பிரதீபன் என்ர ஒரே தம்பி. வேணுமெண்டு இடிக்கேல்லை. பயத்தில ஓடிட்டான்!"

மேனுகா அப்படியே கதிரையில் இருந்தாள்.

தம்பி...!

"அப்ப நீ வார்டுக்கு வந்தது?"

"உங்களுக்கு என்ன ஞாபகமிருக்கெண்டு பார்க்கத்தான்... பிறகு உண்மையாவே பாசம் வந்திட்டுது."

"பாசமோ? நான் நித்திரையில புலம்பினதையும் அவனுக்குப் போய்ச் சொன்னியோ?"

கஜேந்தினி தலையைக் குனிந்தாள்.

"சிவகரன்ர சேர்ட்டைக் கட்டிப்பிடிச்சு நான் அழேக்க, நீயும் சேர்ந்து அழுதனியே, பாவி!"

"அக்கா..."

"ஏனடி அவன்ர படத்தையும் மெஷினுக்க போட்டனி?"

"வாற கிழமை அவன் கனடா போறான். நீங்கள் மறந்திட்டியள் எண்டு உறுதியாத் தெரிஞ்சால் நிம்மதியாப் போவான். அதுதான்..."

மேனுகா எழுந்தாள். கஜேந்தினி வழியை மறித்தாள். குரல் மாறியது.

"பொலிசுக்குப் போயும் பிரயோசனமில்லை! உங்கட ஃபைல் என்ர கையில. மூளை குழம்பின மனிசி எண்டு நானே எழுதிக் குடுப்பன்!"

மேனுகா கண்ணைத் துடைத்தாள்.

"கஜா... நான் எந்த முகத்தையும் காணேல்லை."

"என்ன...?"

"பதினேழு படம் பார்த்தனான். பிறகு மெஷின்ர சத்தம் மாறிச்சுது... சண்டைக் காலத்தில ஷெல் விழுற மாதிரி. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டுதான் கத்தினனான். உன்ர தம்பி கறுப்போ வெள்ளையோ எண்டும் எனக்குத் தெரியாது!"

கஜேந்தினி சுவரோடு சாய்ந்தாள்.

சர்ரக்...! திரைச்சீலை விலகியது.

டாக்டர் ஹாலிதா!

"மூளை பயந்ததைத்தான் மெஷின் காட்டும், கஜேந்தினி. எதுக்குப் பயந்ததெண்டு காட்டாது. என்ர பட்டியல்ல இல்லாத படம் எப்பிடி உள்ளுக்க வந்ததெண்டு கேட்க வந்தனான். எல்லாம் கேட்டிட்டன்."

பின்னேரம் நாலு மணிக்குள் பிரதீபன் பிடிபட்டான். பெட்டி கட்டிக்கொண்டிருந்தானாம்!

மேனுகாவின் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டிருந்த பொலிஸ் சார்ஜன்ட் யோகலிங்கம் பேனாவை நிறுத்தினார்.

"மூண்டு மாசமா நாங்கள் தேடின ஆள்! அந்த மெஷினோ, தங்கச்சி, பிடிச்சுக் குடுத்தது?"

"மெஷின் இல்லை, சேர்..." மேனுகா கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"என்ர உயிர்ச் சிநேகிதி!"