உள்ளே இருப்பவர்கள்

மூன்று மாதமாக அடுப்பு மூட்டாத ஏலக்காய் ஸ்டோரில் தகரப் புகைக்குழாய் வெதுவெதுப்பாக இருந்தது. ஜக்கையன் வெடுக்கென்று கையை எடுத்து வேட்டியில் துடைத்தார். வெயில் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். போடிமெட்டுச் சரிவில் நாலைந்து நாளாக வெயிலே இல்லை.

ஏலக்காய் உலர்த்துவதற்காகச் சன்னல் வைக்காமல் கட்டிய அறை. மலையில் ஈரம் ஏறாத இடம் வேறு கிடையாது என்று மகன் வாங்கிய கம்ப்யூட்டரையும் அங்கேதான் வைத்திருந்தார்கள். யார் எப்போது உள்ளே போனார்கள், வெளியே வந்தார்கள் என்பதெல்லாம் அதில்தான் பதிவாகும். கதவுக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும். வேலைக்கு வரும் பெண்களை உள்ளே விட்டு வெளியே தாழ் போட்டுவிடுவார் ஜக்கையன். காயை மடியில் கட்டிக்கொண்டு போய்விடுவாளுகள், எவளை நம்புவது? ஆடியில் குழாய் விரிசல் விட்டுப் புகை அடைத்தபோது மருதாயி உள்ளே இருந்தாள். கதவை இடித்தாள். அவருக்குக் கேட்டது. நடிக்கிறாள் என்று விட்டுவிட்டார். பிணத்தை எடுத்தபிறகு, அவள் அன்றைக்கு வேலைக்கே வரவில்லை, திருட நுழைந்தவள் என்று ஊருக்குச் சொன்னார்.

நாளைக்கு லேபர் ஆபீசர் வருகிறார். அவள் உள்ளே போன பதிவு கம்ப்யூட்டரில் இருந்தால் ஜக்கையனுக்கு ஜெயில்தான்.

கம்ப்யூட்டர் பார்க்கும் கமர்நிசா அந்தப் பதிவை நேற்றே அழித்திருந்தாள். உள்ளே போனவர்களில் இன்னும் வெளியே வராதவர்களை மட்டும் காட்டும் 'வியூ' என்ற பட்டியல் ஒன்றை அவள் எழுதி வைத்திருந்தாள். அதையும் அழிக்கச் சொல்லியிருந்தார். ஆனாலும் மனசு ஆறவில்லை. தகரக் கூரையில் மழை அறைய, ஜெனரேட்டர் எங்கோ உறும, பழைய ஏலக்காய் மணத்துக்கு அடியில் ஒரு கருகல் வாடை மூக்கை அரிக்க, அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, அந்த வியூ இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்.

தட்டினாள். திரையையே பார்த்தாள்.

"இருக்கு மொதலாளி."

அழித்தேன் என்று புளுகினாயா என்று கேட்டார். அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

"வியூவுக்குன்னு சொந்தமா ஒண்ணும் கெடையாது. பதிவுல உள்ளதைத்தான் எடுத்துக் காட்டும். பதிவுல மருதாயி இல்ல."

திறந்தாள். ஒரே வரி. மருதாயி.

அழிக்கச் சொன்னார். அழித்தாள். இருக்கிறதா என்று மறுபடி பார்த்தாள். இருந்தது. இப்போது இரண்டு வரி.

ஜக்கையனுக்கு இங்கிலீசு தெரியாது. ஆனால் இரண்டாவது வரியில் இருந்த எழுத்துகளைத் தெரியும். காய்ச் சாக்குகளில் கறுப்பு மையில் அடிக்கும் அவர் பேரின் எழுத்துகள்.

கமர்நிசா நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே ஓடினாள். கதவு அறைந்தது. தாழ் விழுந்தது.

"நான் போடல மொதலாளி. இழுக்குறேன், வரமாட்டேங்குது."

குழாய் கொதித்தது. புகை. கண் எரிந்தது. கதவை இடித்தார். தோளால். தலையால். ஜெனரேட்டர் நின்றது.

திரை அணையவில்லை.

ஆளில்லாத நாற்காலிக்கு முன்னால் விசைகள் ஒவ்வொன்றாக அமுங்கின. மருதாயியின் வரி மறைந்தது.

கதவுக்கு அந்தப் பக்கம், மழையில், புகையில் நெஞ்சடைத்த ஒருத்தி நீளமாக இருமித் துப்பிவிட்டு மூச்சை இழுத்தாள்.

திரையில் சாக்கு எழுத்துகள் மட்டும்.