அலையோடிய கணையமரம்

கீழ்வானத்தில் பூரணச் சந்திரன் இன்னும் முழுதாக எழவில்லை. மேல்வானத்தில் கதிரவன் இன்னும் முழுதாக விழவில்லை. செம்பையும் வெள்ளியையும் ஒன்றாய் உருக்கி ஊற்றினாற்போல் ஓடிக்கொண்டிருந்த ஆன்பொருநை நதியின் அக்கரையில் ஏழூர்நாட்டுப் படையின் கூடாரங்கள் நிறைந்திருந்தன. அவற்றுக்கு முன்னால், கரிய குன்றொன்று காதசைப்பதுபோல் ஒரு போர்யானை நின்றது. நிலவு ஏறியதும் அது ஆற்றில் இறங்கி வந்து மருதங்கோட்டையின் வாயிலை முட்டும் என்பதை இக்கரையில் அறியாதவர் இல்லை.

கோட்டைத் தலைவர் நோயில் கிடந்ததால் காவல் பொறுப்பு முழுவதும் அவர் மகள் எயினிநங்கையின் கையில் இருந்தது. அவளோ அந்த வேளையில் யானையைப் பார்க்கவில்லை. மூடிய கதவுக்குப் பின்னே குறுக்காகப் பூட்டியிருந்த கணையமரத்தைப் பந்தத்தின் ஒளியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போதுமுங்க அம்மணி, கண்ணு பட்டுடப் போகுது!" என்றார் வாயில் காவலர் தலைவர் ஆதன். "மாப்பிள்ளை பாக்கறவங்ககூட இத்தனை நேரம் பாக்க மாட்டாங்க."

"மாப்பிள்ளை இவ்வளவு அழகாக இருந்தால் பார்ப்பார்கள், ஆதரே!"

அவள் பக்கத்தில் நின்ற மரவணிகன் சாத்தன் சிரிக்கவில்லை.

"சாத்தரே, உமக்கு நினைவிருக்கிறதா? இந்த வேங்கையின் பட்டையை நீக்கிவிட்டு என் கட்டை விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தீர். 'உள்ளே சிற்றலை தெரிகிறதா, தேவி?' என்றீர். இழைத்த சிராயை நீரில் நனைத்து வெயிலில் சாய்த்துக் காட்டினீர். ஒளி அதன்மேல் நகர்ந்தது! தொட்டால் வழவழப்பு, பார்த்தால் அலை. இப்போதும் பாரும், பந்தத்தை அசைத்தால் மரத்துக்குள் ஆறு ஓடுகிறது!"

"ஓடுகிறது, தேவி."

"கொல்லிமலைக் காட்டில் ஆயிரம் வேங்கைக்கு ஒன்றுதான் இப்படி வாய்க்கும் என்றீரே. என் தந்தைகூட, 'யார் தேர்ந்த மரம்?' என்று கேட்டார். நான் தேர்ந்தேன் என்று சொல்லிவிட்டேன். ஆகவே இன்றிரவு இதன் பின்னால் நானே நிற்கப் போகிறேன்."

"தாங்களா? கதவுக்குப் பின்னாலா?"

"ஏன் ஐயா முகம் வெளிறுகிறது? நீர் தந்த மரந்தானே?"

அன்பார்ந்த வாசகர்களே, வேல் பாய்ந்தாலும் நிற்கத் தெரிந்த வீரர்கள் உண்டு. ஒரு பெண் தன்னை நம்பிச் சொன்ன சொல் பாய்ந்த பிறகு நிற்கத் தெரிந்தவர்கள் குறைவு. சாத்தன் மண்டியிட்டான்.

"தேவி! இந்த மரம் நிற்காது. நார் நேராக ஓடினால் மரம் வளைந்து தாங்கும். இதில் நார் மடிந்து மடிந்து ஓடுகிறது. பேழை செய்யலாம், யாழ் செய்யலாம். யானை முட்டினால் மடிப்பிலே முறிந்துவிடும். அது தெரிந்தேதான் தந்தேன். நான் வணிகன் அல்லன். என் பெயர் கொற்றன். அக்கரையில் யானையோடு நிற்கும் ஏழூர் அரையனின் உடன்பிறந்த தம்பி!"

ஆதனின் வாள் உறையை விட்டு வந்தது. "அடப்பாவி! உன்னை எங்க வீட்டு இலையில உக்கார வெச்சுச் சோறு போட்டனேடா!"

"வெட்டுங்கள், ஆதரே. முதலில் மரத்தை மாற்றிவிட்டு வெட்டுங்கள்."

எயினிநங்கை கையை உயர்த்தி ஆதனைத் தடுத்தாள். அவள் குரல் தணிந்திருந்தது.

"இதன் அழகைப் பற்றி நீர் சொன்னதெல்லாம் பொய்யா?"

"அழகைப் பற்றி ஒரு சொல்லும் பொய்யில்லை, தேவி. மற்றதைச் சொல்லாமல் இருந்ததுதான் பொய். தாங்கள் வியந்து வியந்து தடவிய ஒவ்வொரு முறையும் சொல்ல நினைத்தேன். அண்ணன் முகம் நினைவுக்கு வந்தது, விழுங்கிவிட்டேன்."

"மாற்று மரம்?"

"மதிலோரம் கிடக்கிறதே, அழகில்லை என்று நான் தள்ளிய வேங்கை. அதுதான் வேண்டும்."

"இதைப் புகழ்ந்த வாய்தானே அதையும் புகழ்கிறது! எப்படி நம்புவது?"

"என்னை நம்ப வேண்டாம். நுனியைப் பிளந்து பாருங்கள்."

அவளே கோடரியை வாங்கினாள். மங்கிய நிறமும் சொரசொரத்த மேனியுமாய்க் கிடந்த அந்த மரத்தின் நுனியில் ஓங்கிப் போட்டாள். பெயர்ந்த சிம்பை நீரில் நனைத்துப் பந்தத்தின் எதிரே சாய்த்தாள். ஒளி நகரவில்லை. கட்டை விரலை ஓட்டினாள். நாண் இழுத்தாற்போல் ஒரே நேராய் ஓடியது நார்.

"தூக்குங்கள் இதை!" என்றாள்.

வீரர்களோடு கொற்றனும் தோள் கொடுத்தான். ஒருவரும் அவனைத் தடுக்கவில்லை. ஒருவரும் அவன் பக்கம் திரும்பவுமில்லை. புதிய மரம் பூட்டில் விழுந்தபோது அக்கரையில் சங்கு முழங்கியது.

யானை வந்தது. கதவு அலறியது. கணையமரம் வில்லாய் வளைந்து, நிமிர்ந்து, மறுபடி வளைந்தது. அதன் பின்னே எயினிநங்கை சொன்னபடியே நின்றாள். முறியவில்லை! மதில் மேலிருந்து அம்புகள் பொழிய, மத்தகம் கிழிந்த யானை பிளிறிக்கொண்டு ஆற்றை நோக்கித் திரும்பியது. அந்தப் பிளிறலைக் கேட்டுக் கொற்றன் காதுகளைப் பொத்திக்கொண்டான். சிறுவயதில் அவன் கையால் கரும்பு தின்ற யானை அது.

ஆரவாரம் அடங்கியதும் அவள் அவனை நீர்வாயிலுக்கு அழைத்துச் சென்றாள்.

"மன்னித்தேன் என்று எண்ணிவிடாதீர். உம்மைக் கொல்லச் சொல்ல எனக்கு நா எழவில்லை, அவ்வளவே. எங்கே போவீர்?"

"அண்ணனிடம். வாயிலை அடைத்தது நான்தான் என்று என் வாயாலேயே சொல்லப் போகிறேன். இது சத்தியம்."

"கொன்றுவிடுவார்!"

"கொல்லலாம். தங்களை ஏமாற்றியதற்கு அவர் காரணம் என்றேன். அவரை ஏமாற்றியதற்குத் தாங்கள் காரணம் என்று சொல்லமாட்டேன். இரண்டுக்கும் நானே காரணம், தேவி."

அவன் இடுப்பளவு நீரில் இறங்கி, நிலவொளியில் வெகுதூரம் நடந்த பிறகு அவள் கூப்பிட்டாள்.

"கொற்றரே!"

அந்தப் பெயரை அவள் சொன்னது அதுவே முதல் முறை. அவன் நின்றான்.

"உயிர் தப்பினால் இந்த வாயிலுக்கு வந்து அந்தப் பெயரையே சொல்லும். திறப்பேனா என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் வேறு பெயர் சொன்னால் திறக்கமாட்டேன்!"